முதல்முறை வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்வோருக்கு: குமரி மாவட்ட ஊழியர்களுக்கான வழிகாட்டி

தேர்தல் பணிக்கான உத்தரவு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ வந்து சேர்ந்ததும் பலருக்கு முதலில் எழுவது கலக்கம். எந்த ஊர் கிடைக்கும், இரவு எங்கே தங்குவது, இயந்திரம் பழுதானால் என்ன செய்வது, முகவர்கள் சண்டை போட்டால் யாரை அழைப்பது என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். இவை எல்லாவற்றுக்கும் விதிகளில் விடை இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த விடைகளைப் பணி நடக்கும் வரிசையிலேயே சொல்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 28ஏ-யின்படி, தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து முடிவு அறிவிக்கப்படும் நாள்வரை நீங்கள் தேர்தல் ஆணையத்தின் பணியாளராகவே கருதப்படுகிறீர்கள். உங்கள் துறை மேலதிகாரியோ உள்ளூர்ப் பிரமுகரோ அந்த நாட்களில் இந்தப் பணி குறித்து உங்களுக்கு ஆணையிட முடியாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டாலே பாதிக் கலக்கம் தணிந்துவிடும்.

வாக்குச்சாவடியில் ரகசியமாக இருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யார் எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தார் என்பது. மற்ற அனைத்தும் எதிரெதிர்க் கட்சிகளின் முகவர்கள் கண்முன்னே நடக்க வேண்டும், எண்ணாக எழுதப்பட வேண்டும், அதன்கீழ் அவர்கள் கையொப்பம் இருக்க வேண்டும். தேர்தல் பாதுகாப்பு என்றதும் துப்பாக்கி ஏந்திய காவலரும் பூட்டும் முத்திரையும் நினைவுக்கு வரலாம். அவை தேவைதான். ஆனாலும் தோற்ற கட்சிக்காரர் ஒருவர் “எங்கள் பூத்தில் ஒன்றும் தவறு நடக்கவில்லை” என்று வாய்விட்டுச் சொல்ல முடிவது, காலை முதல் மாலைவரை நீங்கள் அவருக்குக் காட்டிச் செய்த வேலைகளால்தான் என்பது என் உறுதியான கருத்து.

உத்தரவும் பயிற்சியும்

உங்களை எந்த வாக்குச்சாவடிக்கு அனுப்புவது என்பதைத் தனியொருவர் தீர்மானிப்பதில்லை. கணினிக் குலுக்கல் மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் பணியாளர்கள் தேர்வு செய்யப்படுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் சட்டமன்றத் தொகுதி ஒதுக்கப்பட்டுக் குழுக்கள் அமைகின்றன. குழு செல்ல வேண்டிய வாக்குச்சாவடி மூன்றாம் கட்டத்தில்தான், அதாவது பொருள்களுடன் புறப்படுவதற்குச் சற்று முன்னரே தெரியவரும். சொந்தத் தொகுதியிலும் பணிபுரியும் தொகுதியிலும் பணி ஒதுக்குவதில்லை. எனவே நாகர்கோவில்காரர் கிள்ளியூருக்கோ, மார்த்தாண்டத்து ஆசிரியை தோவாளைப் பக்கத்துக்கோ செல்ல நேரலாம். பயண அலைச்சலை நினைத்துச் சிலர் இதை மாற்றிக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். அந்த முயற்சியே கூடாது. வாக்குச்சாவடியில் அமரப்போகும் நால்வர் யாரென்று முந்தைய நாள்வரை எவருக்கும் தெரியாமல் இருப்பதால்தான், அவர்களை முன்கூட்டியே வசப்படுத்த நினைப்பவருக்கு வழி அடைபடுகிறது.

பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது வாக்குப்பதிவு நாள் அதிகாலையில்தான் தெரியும். வாக்குகளைப் பதிந்துவைக்கும் கண்ட்ரோல் யூனிட்டையும், வாக்கைக் காகிதச் சீட்டில் காட்டும் விவிபேட்டையும் உங்கள் கையாலேயே இணைத்துப் பாருங்கள். பச்சை முத்திரைத் தாளை ஒருமுறையாவது செருகிப் பாருங்கள். உங்கள் சொந்த வாக்கையும் மறந்துவிடாதீர்கள்: வேறு தொகுதியில் பணி என்றால் படிவம் 12 கொடுத்து அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பித்து, அதற்கென அமைக்கப்படும் வசதி மையத்தில் வாக்களிக்க வேண்டும்.

இயந்திரம் உங்கள் கைக்கு வருமுன்

மக்கள் கேட்கும்போது சொல்வதற்காகவாவது இயந்திரத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பரவூர் தொகுதியில்தான் 1982இல் மின்னணு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் கூறியதன் பின், பிரிவு 61ஏ சேர்க்கப்பட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தால் நடந்தது. வாக்காளர் தம் வாக்கைக் காகிதத்தில் கண்டு உறுதிசெய்யும் விவிபேட், 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அறிமுகமாகி, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளுக்கும் வந்தது.

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனமும் ஐதராபாத் இசிஐஎல் நிறுவனமும் தயாரிக்கும் இந்த இயந்திரங்களை, அந்நிறுவனப் பொறியாளர்கள் கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் முதல்நிலைச் சோதனை செய்து இளஞ்சிவப்பு முத்திரை இடுகிறார்கள். எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு என்பது ஒரு குலுக்கலிலும், எந்த வாக்குச்சாவடிக்கு என்பது வேட்பாளர்கள் முன்னிலையில் இன்னொரு குலுக்கலிலும் முடிவாகிறது. சின்னங்கள் ஏற்றி வாக்குச்சீட்டு பொருத்திய பிறகு, நூற்றுக்கு ஐந்து இயந்திரங்களில் தலா 1000 வாக்குகள் போட்டுப் பார்க்கப்படுகின்றன. வேட்பாளர்களுக்கு இயந்திர எண்களின் பட்டியல் தரப்படும். நாளை உங்கள் முன் அமரும் முகவர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “சார், நம்பரை ஒருக்கா பாத்துக்கிடட்டா?” என்று கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள். அதைக் கேட்பது அவர் உரிமை.

முந்தைய நாள்

பொருள்கள் வழங்கும் இடத்தில் நெரிசலும் வெயிலும் இருக்கும். ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து சரிபார்த்துவிட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. இயந்திரங்களின் அடையாள எண்கள் உங்கள் சாவடிக்கு ஒதுக்கப்பட்டவைதானா? வாக்காளர் பட்டியலின் குறியீட்டுப் படியில் (சாவடியில் குறித்துவரப் பயன்படும் படி) துணைப் பட்டியல்கள் சேர்ந்திருக்கின்றனவா, எல்லாப் பக்கங்களும் உள்ளனவா? பச்சை முத்திரைத் தாள்களின் எண்கள் உங்களுக்குக் கொடுத்த குறிப்போடு பொருந்துகின்றனவா? பிறகு மை, முத்திரை அரக்கு, டெண்டர் வாக்குச்சீட்டுகள், படிவங்கள், கறுப்பு உறை என்று மற்றவற்றைப் பாருங்கள். விவிபேட்டின் பின்புறம் உள்ள திருகு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். அது பயண நிலை. சாவடியில் இணைக்கும்போதுதான் அதை நிமிர்த்த வேண்டும்.

ஒதுக்கப்பட்ட அரசு வாகனத்தில், குழுவாக, காவலருடன், நேராகச் சாவடிக்குச் செல்லுங்கள். வழியில் வீட்டில் இறங்கி உடை மாற்றிக்கொள்வது, உறவினர் கடையில் தேநீர் குடிப்பது எதுவும் வேண்டாம். இயந்திரத்தோடு நிற்கும் ஒரு வாகனத்தின் படம் அரைமணி நேரத்தில் மாவட்டம் முழுக்கப் பரவிவிடும், அதன்பின் எந்த விளக்கமும் முழுமையாகப் போய்ச்சேராது. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் வாழும் காணி மக்களின் குடியிருப்புகளுக்குச் செல்லும் குழுவினர் படகுப் பயணத்துக்கும் மலைப்பாதைக்கும் அணியமாக வேண்டிவரும். கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்களில் எப்படிச் செய்தி அனுப்புவது என்பதை மண்டல அலுவலரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்து விருந்தோம்பல் இந்த ஒரு நாளில் சோதனையாகும். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்தில் தரையில் படுக்கிறார்களே என்று மனம் பொறுக்காமல், அவித்த மரச்சீனியும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. அவர் முகவராகவோ கட்சிக்காரராகவோ இருந்தால், மனம் நோகாதபடி மறுத்துவிடுங்கள். உணவுக்கான ஏற்பாட்டை மண்டல அலுவலர் வழியாகவோ, விலை கொடுத்தோ செய்துகொள்ளலாம். இரவில் இயந்திரங்கள் இருக்கும் அறையை விட்டுக் குழு முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே போகக் கூடாது.

அன்று மாலையே அறையை ஒழுங்கு செய்துவிடுவது நல்லது. வாக்களிக்கும் மறைவிடம் சன்னலை ஒட்டி இருக்கக் கூடாது; வெளியிலிருந்து பார்க்க முடியும் என்ற ஐயமே வாக்காளருக்கு எழக் கூடாது. கடற்கரைப் பள்ளிகளில் சன்னல்கள் அகலமாக இருக்கும். அவற்றைக் காற்றுக்காகத் திறந்தால் மாலை வெயில் நேராக விவிபேட்மீது விழலாம். மின்விளக்கின் நேர்க்கீழும் அதை வைக்கக் கூடாது. கூடுதல் வெளிச்சத்தில் அதன் உணரிகள் பிழை காட்டும். முகவர்களின் இருக்கைகள் அலுவலர்களுக்குப் பின்னால், வருபவரின் முகம் தெரியும்படியும், வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட் தெரியாதபடியும் அமைய வேண்டும். சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 130-இன்கீழ் குற்றம் என்பதால், அந்த எல்லைக்கோடு சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாதிரி வாக்குப்பதிவு

முழு நாளிலும் மிக முக்கியமான வேலை, வாக்காளர் எவரும் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வாக்குப்பதிவு காலை ஏழு மணிக்குத் தொடங்குமானால், மாதிரி வாக்குப்பதிவை ஐந்தரை மணிக்குத் தொடங்க வேண்டும். குறைந்தது இரு வேட்பாளர்களின் முகவர்களாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் 15 நிமிடம் காத்திருந்து, அதன்பிறகும் வராவிட்டால் அதைக் குறித்துவைத்துவிட்டுத் தொடங்கலாம். எந்தெந்த முகவர்களுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதை முந்தைய மாலையே கேட்டு நினைவுபடுத்துவது வீண்போகாது.

முதலில் கண்ட்ரோல் யூனிட்டில் ஒரு வாக்கும் இல்லை என்பதை முகவர்களுக்குக் காட்டுங்கள். விவிபேட்டின் சீட்டுப்பெட்டியைத் திறந்து, காலியாக இருப்பதைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரத்தை இயக்கியதும் விவிபேட் தன்னைச் சோதித்துக்கொண்டு ஏழு சீட்டுகளை அச்சிடும். அவை வாக்குகள் அல்ல என்பதை அப்போதே விளக்கிவிட வேண்டும், இல்லையெனில் பிறகு எண்ணும்போது குழப்பம் வரும். அடுத்து, நோட்டா உட்பட ஒவ்வொரு வேட்பாளருக்கும் வாக்குகள் விழும்படி, மொத்தம் 50 வாக்குகளுக்குக் குறையாமல் முகவர்களையே போடச் சொல்லுங்கள். எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று ஓர் அலுவலர் தாளில் குறித்துவர வேண்டும். பிறகு க்ளோஸ் பொத்தான், ரிசல்ட் பொத்தான். திரையில் வரும் எண்ணும், தாளில் குறித்த எண்ணும், சீட்டுகளை எண்ணி வரும் எண்ணும் ஒன்றாக இருப்பதை முகவர்கள் தங்கள் வாயால் உறுதிசெய்யட்டும்.

அவசரத்தில் தவறு நேரும் இடம் இதற்கு அடுத்த படிதான். க்ளியர் பொத்தானை அழுத்தி மாதிரி வாக்குகளை அழிக்க வேண்டும். திரையில் மொத்தம் பூஜ்யம் என்று வருவதை முகவர்களுக்கு மீண்டும் காட்ட வேண்டும். சீட்டுப்பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறமும் மாதிரி வாக்குப்பதிவு முத்திரை குத்தி, கறுப்பு உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, அதற்குரிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இளஞ்சிவப்பு முத்திரைத் தாளால் ஒட்டி, எல்லோரும் கையொப்பமிட வேண்டும். இதை மறந்து அந்த 50 வாக்குகளோடு உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டால், எண்ணும் நாளில் அந்த இயந்திரம் தனியே ஒதுக்கப்படும். வெற்றி வித்தியாசம் அத்தகைய சாவடிகளின் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே அது கணக்கில் எடுக்கப்படும். வரிசையில் நின்று வாக்களித்த அத்தனை பேருடைய உழைப்பும், ஓர் அலுவலர் ஒரு பொத்தானை அழுத்தத் தவறியதால் ஓரமாக வைக்கப்படுவது எத்தனை வேதனை! ஆகவே க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்ற மூன்றையும் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள்.

பின்னர் முத்திரை. ரிசல்ட் பொத்தான் இருக்கும் அறைக்குள் பச்சை முத்திரைத் தாளைச் செருகுமுன், அதன் வெள்ளைப் பரப்பில் நீங்களும் முகவர்களும் கையொப்பமிட வேண்டும். அதன் வரிசை எண்ணை உரக்கப் படித்து, முகவர்கள் தங்கள் தாளில் எழுதிக்கொள்ளக் காத்திருங்கள். மாலையிலும் எண்ணும் மேசையிலும் அந்த எண்தான் இயந்திரம் இடையில் திறக்கப்படவில்லை என்பதற்குச் சாட்சி. ஸ்பெஷல் டேக், காகிதப் பட்டை ஆகியவற்றையும் இட்டு, விவிபேட்டின் சீட்டுப்பெட்டியையும் முத்திரையிட்டபின், மாதிரி வாக்குப்பதிவுச் சான்றில் கையொப்பம் வாங்குங்கள்.

வாக்காளர் கடந்து செல்லும் மேசைகள்

முதல் அலுவலரிடம் வாக்காளர் பட்டியல் இருக்கும். வாக்காளர் அடையாள அட்டையோ, ஆணையம் அனுமதித்த ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற மாற்று ஆவணங்களில் ஒன்றோ இருந்தால் போதும். பூத் சிலிப்பை மட்டும் காட்டினால் போதாது. நம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் மேரி, அந்தோணி, ஜோசப், செல்வி என்று ஒரே பெயர் ஒரே பக்கத்திலேயே பலமுறை வரும். பெயரை மட்டும் கேட்டுக் குறித்துவிட்டால், பின்னால் வரும் உரிய ஆளிடம் “உங்கள் வாக்கு விழுந்துவிட்டது” என்று சொல்ல நேரும். எனவே தந்தை அல்லது கணவர் பெயர், வயது, படம் மூன்றையும் பார்த்தபிறகே உரக்கப் பெயரைப் படியுங்கள். முகவர்களும் கேட்டுத் தங்கள் பட்டியலில் குறிக்கட்டும். ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றிருப்பவர்களின் பெயர்கள், இடம்பெயர்ந்தோர், இறந்தோர் பெயர்கள் அடங்கிய தனிப்பட்டியல் உங்களுக்குத் தரப்படும். அந்தப் பெயரில் ஒருவர் நேரில் வந்தால் அவரை விரட்டிவிடக் கூடாது. ஆவணத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்த்து, உரியவர்தான் என்றால் வாக்களிக்க விட வேண்டும். திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம், இடலாக்குடி போன்ற ஊர்களில் முகம் மறைத்து வரும் பெண்களை, மறைவான இடத்தில் பெண் அலுவலர் ஒருவரே அடையாளம் காண வேண்டும்.

இரண்டாம் அலுவலர் இடது கை ஆள்காட்டி விரலில் நக நுனியிலிருந்து முதல் கணுவரை மை இடுகிறார். மைசூரில் உள்ள அரசு வண்ணப்பூச்சு நிறுவனம் தயாரிக்கும் இந்த மையில் வெள்ளி நைட்ரேட் உள்ளது. விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் மை சரியாகப் பிடிக்காது என்பதால் முதலில் துணியால் துடைக்க வேண்டும். குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களுக்கும் வலை இழுப்பவர்களுக்கும் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மைக்குப்பி கவிழாமல் இருக்க ஒரு சிறு டப்பாவில் மணலை நிரப்பி அதில் அதைப் புதைத்து வையுங்கள். மை இட்ட பிறகே, வாக்களிக்க வருவோரைப் பதியும் படிவம் 17ஏ பதிவேட்டில் கையொப்பமோ கைரேகையோ வாங்க வேண்டும். அவர் கையொப்பமிட்டு அடுத்த மேசைக்குச் செல்வதற்குள் மை உலர்ந்துவிடும்.

மூன்றாம் அலுவலர், இரண்டாம் அலுவலர் கொடுத்தனுப்பிய வாக்காளர் சீட்டை வாங்கிக்கொண்டு, விரலில் மை இருப்பதைப் பார்த்து, கண்ட்ரோல் யூனிட்டில் பேலட் பொத்தானை அழுத்துவார். வாக்காளர் மறைவிடத்துக்குச் சென்று நீலப் பொத்தானை அழுத்தியதும், வரிசை எண்ணும் பெயரும் சின்னமும் அச்சான சீட்டு ஏழு விநாடி கண்ணாடி வழியே தெரிந்து, பெட்டிக்குள் விழும். சீட்டு வரிசையும் பதிவேட்டின் வரிசையும் குலையாமல் ஒருவர்பின் ஒருவராக அனுப்புவதுதான் இந்த மேசையின் முழு வேலையும்.

மொத்த வாக்குகளைக் காட்டும் டோட்டல் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, 17ஏ பதிவேட்டின் கடைசி எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும் வாக்குப்பதிவு விவரமும் இதிலிருந்தே வர வேண்டும். தோராயமாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால், அந்த மாற்றமே மறுநாள் பெரிய குற்றச்சாட்டாக வளரும்.

சிக்கலான நேரங்கள்

பார்வை குறைந்த மூதாட்டி ஒருவர், “சாரே, எனக்குக் கண்ணு தெளிவா தெரியல்ல, நீங்களே ஒண்ணு அமுக்கித் தந்திருங்க” என்பார். இரக்கத்தால்கூட அதைச் செய்துவிடாதீர்கள். “அம்மா, நான் அமுக்கக் கூடாது. உங்க கூட வந்த ஆளு யாராவது இருக்காங்களா?” என்று கேளுங்கள். பார்வையற்றவரோ உடல் நலிந்தவரோ, 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். துணைவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும், படிவம் 14ஏ-யில் பதிவு செய்ய வேண்டும், ஒரே நாளில் ஒருவருக்கு மேல் துணை செல்லக் கூடாது. இயந்திரத்தைப் பயன்படுத்தத் தெரியாதவருக்கு, மறைவிடத்துக்கு வெளியே மாதிரி அட்டையை வைத்துக் காட்டிக் கொடுக்கலாம். ஒருவர் நெடுநேரம் மறைவிடத்தில் நின்றாலோ, இயந்திரத்தோடு ஏதோ செய்கிறார் என்று தோன்றினாலோ மட்டுமே தலைமை அலுவலர் உள்ளே செல்லலாம். அப்போதும் முகவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வேறொருவர் தன் பெயரில் வாக்களித்துவிட்டார் என்று ஒருவர் வந்து நின்றால், அவர் உரியவர் என்பது உறுதியானதும் டெண்டர் வாக்குச்சீட்டு தர வேண்டும், இயந்திரத்தில் அல்ல. படிவம் 17பி-யில் கையொப்பம் வாங்கி, சீட்டைத் தனி உறையில் வைக்க வேண்டும். முகவர் ஒருவர் வாக்காளரின் அடையாளத்தை ஆட்சேபித்தால், இரண்டு ரூபாய் கட்டணம் பெற்று அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். விசாரணை சுருக்கமாக இருக்கட்டும். வெளியே வரிசை நிற்கிறது.

பேலட் பொத்தான் அழுத்தப்பட்ட பிறகு வாக்காளர் வாக்களிக்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்று புதியவர்கள் தடுமாறுவார்கள். அவர் வாக்களிக்க மறுத்ததாக 17ஏ-யில் குறித்து, அடுத்த வாக்காளரை நேராக மறைவிடத்துக்கு அனுப்புங்கள். விளக்கு எரிகிறதே என்று அலுவலரோ முகவரோ ஒரு பொத்தானை அழுத்தி முடித்துவைப்பது கள்ள வாக்குக்குச் சமம்.

“நான் அழுத்திய சின்னம் வேறு, சீட்டில் வந்த சின்னம் வேறு” என்ற புகார்தான் நாட்டில் மிக வேகமாகப் பரவுவது. இதற்கென்றே தேர்தல் நடத்தும் விதிகளில் விதி 49எம்ஏ இருக்கிறது. புகார் சொன்னவரை அதட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்பதை அமைதியாகச் சொல்லி, எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கி, பதிவேட்டில் இரண்டாம் பதிவு செய்து, உங்கள் முன்னிலையிலும் முகவர்கள் முன்னிலையிலும் ஒரு சோதனை வாக்கு போடச் சொல்லுங்கள். புகார் உண்மையானால் அந்த நொடியே வாக்குப்பதிவை நிறுத்தித் தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். உண்மையில்லை என்றால், அந்தச் சோதனை வாக்கு எந்த வேட்பாளருக்கு விழுந்தது என்பதை, மாலையில் நிரப்பும் வாக்குக் கணக்கான படிவம் 17சி-யிலும் குறித்துவிட வேண்டும். புகாரை வெளியே துரத்தினால் அது வாசலில் பத்து மடங்காகும். மேசைமேல் வைத்துச் சோதித்தால் அங்கேயே தீரும்.

விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். வாக்குப்பதிவின்போது கண்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ பழுதானால் மூன்றையும் மாற்றி, நோட்டா உட்பட ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வாக்கு என்று மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அழித்துவிட்டுத் தொடர வேண்டும். பழுதான இயந்திரத்தில் அதுவரை பதிவான வாக்குகள் அழிவதில்லை என்பதை வரிசையில் நிற்பவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு தேர்தல்கள் ஒன்றாக வருவதும் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலோடு கன்னியாகுமரி மக்களவை இடைத்தேர்தலும், 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலோடு விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தன. அப்படி வந்தால், மக்களவைக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு என்ற வாக்குச்சீட்டு நிறத்தைக் கொண்டு இயந்திரங்களையும் உறைகளையும் படிவங்களையும் தனித்தனி மேசைகளில் பிரித்து வையுங்கள்.

மாலை

முடிவு நேரம் வந்ததும், வரிசையில் நிற்பவர்கள் அனைவருக்கும் உங்கள் கையொப்பமிட்ட எண் சீட்டுகளைக் கொடுக்க வேண்டும். முதல் எண்ணை வரிசையின் கடைசியில் நிற்பவருக்குக் கொடுத்து, அங்கிருந்து முன்னோக்கி வாருங்கள். முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டு போனால், நீங்கள் பின்னால் போய்ச் சேர்வதற்குள் வரிசை நீண்டிருக்கும். சீட்டு பெற்ற கடைசி ஆள்வரை, எத்தனை மணி ஆனாலும், வாக்களிக்க விட்டே ஆக வேண்டும்.

முகவர்கள் முன்னிலையில் க்ளோஸ் பொத்தானை அழுத்தி, மொத்த எண்ணைக் காட்டுங்கள். அதன்பின் படிவம் 17சி. இயந்திர எண்கள், முத்திரைத் தாள் எண்கள், 17ஏ-யின்படி வாக்காளர் எண்ணிக்கை, வாக்களிக்க மறுத்தோர், இயந்திரம் காட்டும் மொத்தம் அனைத்தும் இதில் இருக்கும். கையொப்பமிட்ட படியை அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் கேளாமலே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். களைப்பில் இந்த ஒரு தாளை அரைகுறையாக எழுதுவோர் உண்டு. என் பார்வையில் அன்றைய நாளின் மற்ற எல்லாத் தாள்களையும்விட இது மேலானது. எண்ணும் நாளில் மேசைமேல் வரும் இயந்திரத்தின் மொத்தத்தை இந்தப் படியோடு ஒப்பிட்டு, தன் சாவடியின் வாக்குகள் ஒன்றும் கூடவுமில்லை குறையவுமில்லை என்று எந்த வேட்பாளரின் முகவரும் தானே உறுதிசெய்துகொள்ளலாம்.

விவிபேட்டின் மின்கலத்தைக் கழற்றி, திருகைப் பயண நிலைக்குத் திருப்பி, மூன்றையும் அவற்றின் பெட்டிகளில் வைத்து முத்திரையிடுங்கள். முகவர்கள் தங்கள் முத்திரையையும் வைக்க விரும்பினால் அனுமதியுங்கள்.

ஒப்படைப்பும் அதன் பிறகும்

திரும்பும் வழியிலும் முந்தைய நாள் பயணத்துக்குச் சொன்ன கட்டுப்பாடுகளே. உங்கள் வாகனத்தைக் கட்சிக்காரர்கள் பின்தொடர்ந்து வந்தால் பதற வேண்டாம். பெறும் மையத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ரசீது வாங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். பயன்படுத்தாத மாற்று இயந்திரங்கள் வாக்குகள் பதிவான இயந்திரங்களோடு கலக்காமல் வேறிடத்தில் வைக்கப்படும். அவை பின்னர் இடம் மாறும்போதுதான் “இயந்திரத்தைக் கடத்துகிறார்கள்” என்ற பேச்சு பெரும்பாலும் கிளம்புகிறது. யாராவது உங்களிடம் கேட்டால் இந்த வேறுபாட்டை விளக்குங்கள்.

காப்பறை இரட்டைப் பூட்டிட்டு முத்திரை வைக்கப்பட்டு, ஆயுதக் காவலிலும் கேமராக் கண்காணிப்பிலும் இருக்கும். வேட்பாளர்களின் ஆட்கள் வளாகத்துக்குள் ஒதுக்கப்பட்ட இடத்தில் இரவும் பகலும் காவல் இருக்கலாம். 2024இல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 4 வரை 46 நாட்கள் இயந்திரங்கள் இப்படிக் காத்திருந்தன. எண்ணும் நாளில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டு எண்ணப்படும். 2019இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு அது. இயந்திர எண்ணிக்கையும் சீட்டு எண்ணிக்கையும் மாறுபட்டால் சீட்டே செல்லும். அந்த ஐந்தில் உங்கள் சாவடியும் வரலாம் என்பதால், மாதிரிச் சீட்டு ஒன்றுகூடப் பெட்டியில் தங்கிவிடக் கூடாது என்று மேலே அத்தனை வலியுறுத்த வேண்டியிருந்தது.

வாக்குப்பதிவுக்கு மறுநாள், ஆணையத்தின் பார்வையாளரும் வேட்பாளர்களும் இருக்க, 17ஏ பதிவேடுகளும் தலைமை அலுவலரின் நாட்குறிப்பும் ஆய்வு செய்யப்படும்; மறுவாக்குப்பதிவு தேவையா என்பது அதில்தான் தெரியவரும். உங்கள் சாவடி குறித்து விளக்கம் கேட்டு அழைப்பு வரலாம். வீடு திரும்பித் தூங்கினாலும், அந்த ஆய்வு முடிந்துவிட்டது என்று மண்டல அலுவலர் சொல்லும்வரை கைப்பேசியை அணைக்காமல் வைத்திருங்கள். 17சி-யின் படி ஒன்றையும் ரசீதுகளையும் தேர்தல் முடிவு வெளியாகும்வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.